பீலிக்கு ஏழு விரல் இறக்கம்

அந்தமான் மழையைப் பற்றி யாராவது உருகி உருகிப் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். வருஷத்தில் எட்டு மாதம் பெய்கிறது. அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் பீலியை யார் வழிப்பது? உருகுகிறவர் வந்து வழிப்பாரா?

கூரை விளிம்பில் ஓடும் தகரக் கால்வாயைத்தான் பீலி என்கிறேன். என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குக் குடியேற்றப்பட்டவர்கள். அவர்கள் வாயில் அது பீலி. சிவகங்கைப் பக்கத்திலிருந்து மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு கிளார்க்காக வந்த என் வீட்டுக்காரர் அதை கட்டர் என்பார். நாங்கள் குடியிருக்கும் கராச்சர்மாவில் எங்கள் சந்திலுள்ள வங்காளி, தெலுங்கு, மலையாளி எல்லோருக்கும் அது நாலி. பேர் என்னவாக இருந்தாலும் உள்ளே கிடக்கிற குப்பை ஒன்றுதான்.

மாவிலை, பாக்குப் பூ, பக்கத்து வீட்டுப் பலா மரத்தின் பழுத்த இலை, எல்லாம் ஊறிக் கறுத்துக் களியாகிக் கிடக்கும். அதற்குள் நத்தை. மெயின்லேண்டில் பார்க்கிற சின்ன நத்தை இல்லை, உள்ளங்கையை நிறைக்கிற நத்தை. தகரத்தில் எப்படித்தான் ஏறுமோ, ஏறிவிடும். நத்தைக்குக் கீழே பூரான் இருக்கும். அதனால் வெறும் கையை விடக் கூடாது. உடைந்த பிளாஸ்டிக் மக்கைப் பாதியாக அறுத்து வைத்திருக்கிறேன், அதுதான் என் கரண்டி. வாரத்துக்கு ஒருமுறை ஏணியைச் சாத்தி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிடுவேன். ரப்பர் தோட்டத்தில் களை பிடுங்கிய கை, ஏணி என்ன பெரிய விஷயம்?

இவ்வளவு பாடு எதற்கென்றால், இங்கே பீலி என்பது வீட்டைக் காப்பதற்கு மட்டும் இல்லை. குழாயில் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும், வெயில் காலத்தில் அதுவும் இல்லை. மே மாதம் முதல் மழை பெய்தால் கூரையைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவோம். இரண்டு மூன்று மழை போன பிறகுதான் பீலியின் வாயில் பைப்பை மாட்டி டாங்கியில் விடுவோம். துணி துவைக்க, பாத்திரம் கழுவ, பருப்பு வேக வைக்க எல்லாம் அந்தத் தண்ணீர்தான். மழைத் தண்ணீரில் வேகிற பருப்பு வெண்ணெயாகக் குழையும். இந்த ஒரு விஷயத்தில் மழையை நான் புகழ்வேன்.

எங்கள் வீடு மேட்டுச் சரிவில் இருக்கிறது. இடுப்பளவு செங்கல் சுவர், அதற்கு மேலே பலகை, அதற்கு மேலே தகரக் கூரை. சமையல்கட்டுப் பக்கம் இறுகிய மண். படுக்கையறைப் பக்கம் பள்ளமாக இருந்ததால் மண் கொட்டி நிரப்பிக் கட்டினோம். டாங்கி சமையல்கட்டுப் பக்கம். அதனால் பீலியைப் படுக்கையறை மூலையிலிருந்து சமையல்கட்டு மூலைக்கு மூன்று விரல் இறக்கம் வைத்து மாட்டியிருந்தோம். பத்து வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மகள் சென்னைக்குப் படிக்கப் போனபின் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். நிலம் ஆடிய ஆட்டத்தில் கூரைத் தகரம் தட்டிக்கொண்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டீயை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் வாசலுக்கு ஓடினோம். எங்கள் மேட்டுக்குக் கடல் வரவில்லை. கச்சாலுக்கு வந்தது. அப்பாவும் அம்மாவும் இருந்து செத்த வீட்டில் என் அண்ணன் குடும்பம் இருந்தது. அவர்கள் ரப்பர் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். வீடு போய்விட்டது. அடித்தளத்தைக் கூட விட்டுவைக்கவில்லை என்று அண்ணன் கப்பலில் வந்து இறங்கியபோது சொன்னான்.

அதற்குப் பிறகு எனக்கென்று இருந்த கூரை இது ஒன்றுதான். இதை விட்டுக் கொடுக்கிற எண்ணமே எனக்கு இல்லை. இப்படியிருக்கும்போது ஒருநாள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஏன்டி, பேசாம மெயின்லேண்டுக்கே போயிருவமா? டிரான்ஸ்ஃபர் கேட்டா இந்த நேரத்துல குடுத்துருவாங்க."

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை.

அந்த வாரம்தான் எலுமிச்சம்பழம் உருண்டது. சமையல்கட்டுத் தரையில் கை தவறி விழுந்த பழம், நிற்காமல், யாரோ கூப்பிட்டது போலப் படுக்கையறை வரை போய் மூலையில் நின்றது. எடுத்துக்கொண்டு வந்து மறுபடி வைத்துப் பார்த்தேன். மறுபடி போனது. தோசைக் கல்லில் எண்ணெய் விட்டால் அதுவும் அந்தப் பக்கமே ஓடியது. கொட்டிய மண் அமுங்கிவிட்டது, அந்தப் பக்கம் வீடு இறங்கிவிட்டது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

இவருக்குத் தெரிந்தால் போச்சு. ஏற்கெனவே ஒரு காலைக் கப்பலில் வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைத்தேன். வீடு சாய்ந்துவிட்டது என்று சொன்னால் மறுநாளே டிரான்ஸ்ஃபருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். அதனால் மூச்சு விடவில்லை. அடுப்பின் ஒரு காலுக்குக் கீழே அட்டையை மடித்து வைத்தேன். சுவரில் தொங்கிய காலண்டர், சுவர்ப் பலகையின் கோட்டுக்கு ஒட்டாமல் விலகி நின்று காட்டிக் கொடுத்தது. அதைப் பலகையோடு ஒட்ட இழுத்துக் கீழேயும் ஓர் ஆணி அடித்தேன். உருளுகிற சாமான் எதையும் தரையில் வைப்பதில்லை. ஆம்பளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, தட்டில் சோறு இருந்தால் போதாதா என்று எனக்கு ஒரு இளக்காரம் வேறு.

வீட்டை ஏமாற்றலாம். மழையை ஏமாற்ற முடியுமா?

அந்த மே மாதமே பீலி வேலையைக் காட்டிவிட்டது. தண்ணீர் டாங்கிப் பக்கம் வரவில்லை. படுக்கையறை மூலைக்குப் போய்த் தேங்கி, நிரம்பி, பின்பக்கமாக வழிந்து பலகையில் இறங்கியது. டாங்கி பாதி கூட நிரம்பவில்லை. கட்டில் பக்கத்துச் சுவர் ஊறிக் காரை உப்பியது.

"கிளாம்பு தளர்ந்து போச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"நத்தை அடைச்சிருக்குங்க" என்றேன் நான்.

பாவம் நத்தை, அது என்ன பாவம் செய்தது? ஞாயிற்றுக்கிழமை அவர் பீலியைக் கழற்றினார். கூரைக்குக் கீழே ஓடும் விளிம்புப் பலகையில் கயிறு கட்டி, அந்தப் பலகைக்கு மூன்று விரல் இறக்கம் வைத்து, பழையபடியே மாட்டினார். பலகையே மறுபக்கம் நாலு விரல் சரிந்திருக்கும்போது அதை வைத்து அளந்தால் என்ன ஆகும்? தண்ணீர் மறுபடியும் படுக்கையறைக்கே போனது. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற எனக்கு இது தெரியும். சொன்னால் வீட்டின் கதை வெளியே வந்துவிடும். அதனால் "ரொம்ப நல்லா இருக்குங்க" என்று சொன்னேன். வெட்கம் கெட்டவள்.

அடுத்த வருஷம் அகலமான பீலி வாங்கினார். அதையும் கயிறு கட்டி, பலகைக்கு மூன்று விரல். மூட்டுக்கு மூட்டு பிசின் அடைத்தார். நான் வாரத்துக்கு இரண்டு தடவை ஏறி நத்தை பொறுக்கினேன். இரண்டு பேரும் அந்தப் பீலிக்குச் செய்த சேவையை ஒரு கோயிலுக்குச் செய்திருந்தால் சாமி நேரில் வந்திருக்கும்! நடுவில் சண்டையும் உண்டு. நீ சரியாக வழிக்கவில்லை என்பார் அவர். நீங்கள் சரியாக மாட்டவில்லை என்பேன் நான். ஒருநாள் கோபத்தில் இலைக்களியை மேலேயிருந்து அவர் காலடியில் வீசினேன். சட்டையெல்லாம் தெறித்தது. அன்றைக்கு ஆபீஸ் வேன் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

மூன்றாவது மழைக்காலம் முடிந்தபோது கட்டில் பக்கத்துப் பலகையில் விரலால் குத்தினால் உள்ளே போனது. கீழே செங்கல் சுவரில் ஒரு விரிசல். அதைப் பார்த்துதான் எனக்குப் பயம் பிடித்தது. மழை இல்லாத நான்கு மாதமும் தினம் அவர் ஆபீஸ் போனபின் விரிசலில் ஒரு தீக்குச்சியைச் செருகிப் பார்ப்பேன். முதலில் நுழையாத குச்சி, ஏப்ரலில் நுழைந்தது. வீடு போய்விடக் கூடாது என்று வாயை மூடியிருந்தேன், வாயை மூடியிருந்ததாலேயே வீடு போகிறது. அவர் இல்லாத நேரமாகப் பார்த்து, எங்கள் சந்து வீடுகளுக்கெல்லாம் கொத்து வேலையும் தச்சு வேலையும் செய்கிற வங்காளி மிஸ்திரியைக் கூப்பிட்டேன்.

வந்தவர் எதையும் கேட்கவில்லை. பையிலிருந்து நீளமான கண்ணாடிக் குழாய் போன்ற பிளாஸ்டிக் ட்யூபை எடுத்து அதில் தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையைப் படுக்கையறை மூலையில் அவர் பிடித்தார், மறுமுனையைச் சமையல்கட்டு மூலையில் என்னைப் பிடிக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற மட்டத்தைப் பென்சிலால் குறித்தார். பிறகு விரல் வைத்து அளந்தார்.

"பாபி, மகான் பைட் கயா" என்றார். பாபி என்றால் அண்ணி. வீடு உட்கார்ந்துவிட்டதாம். எனக்குப் புதுச் செய்தியா?

அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன். "நாலு விரல் இறங்கியிருக்கு. கூரைத் தண்ணியெல்லாம் இந்த மூலையில கொட்டுது. கொட்டுன மண்ணை அது கரைச்சுக்கிட்டு இருக்கு. இன்னும் ரெண்டு மழை இப்படியே போனா இந்த அறை கையை விட்டுப் போயிடும். கூரையைப் பார்க்காதீங்க, பலகையைப் பார்க்காதீங்க. பலகைக்கு ஏழு விரல் இறக்கம் வெச்சு நாலியை மாட்டணும். அப்பதான் தண்ணி டாங்கிக்குப் போகும். பார்க்க டேடாவா இருக்கும், கோணலா. பரவாயில்ல. மூலைக்குக் கல் அடுக்கிச் சிமெண்ட் போட்டுடறேன். வீடு நிக்கும்."

வீடு நிற்கும் என்றதும் எனக்கு உயிர் வந்தது. அவர் கையைப் பிடிக்காத குறையாக, வங்காளி முறையில் அண்ணனென்று கூப்பிட்டுச் சொன்னேன்.

"தாதா, ஒரு உதவி. வீடு இறங்கின விஷயம் சாஹிபுக்குத் தெரிய வேண்டாம். நாலி பழுசாச்சு, அதான் மாத்தறோம்னு சொல்லிடுங்க."

மிஸ்திரி என்னையே பார்த்தார். பிறகு ட்யூபைச் சுருட்டிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தார். ஒரு சிரிப்பு இல்லை, உட்கார்ந்து சிரித்தார்.

"பாபி, சாஹிப் என்னைப் பூகம்பம் வந்த மறுமாசமே கூட்டிட்டு வந்தாரே. நீங்க அண்ணன் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தீங்க. இதே ட்யூபுதான், இதே நாலு விரல்தான். ஏழு விரல் இறக்கத்துக்கு நாலியை மாத்துங்கன்னு அப்பவே சொன்னேன். வேணாம்னுட்டாரு. நாலி கோணலா இருந்தா பாபிக்குத் தெரிஞ்சுடும், பாபி கிட்ட ஒரு வார்த்தை சொல்லாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார்."

மிஸ்திரிக்கு டீ கொடுத்தேனா, அனுப்பினேனா, ஒன்றும் நினைவில்லை.

சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

"வீடு நாலு விரல் இறங்கியிருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

அவர் ஒற்றைச் செருப்போடு நிமிர்ந்தார். "யாரு சொன்னா?"

"உங்க மிஸ்திரிதான். சத்தியம் வாங்குனீங்களாமே!"

படியில் அப்படியே உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சா நீ பயந்துருவன்னுதான்டி" என்றார்.

"நானா? நானா பயப்படுறேன்?"

"பின்ன? அப்ப காத்துல தகரம் ஆடுனாக்கூட வாசலுக்கு ஓடுவ. உங்க அண்ணன் வீடு போனதுல இருந்து ஒழுங்கா ஒரு வாய் சாப்பிடல. அந்த நெலமையில இந்த வீடும் சாஞ்சுருச்சுன்னு எப்படிச் சொல்றது? சொன்னா ஒருநாள் இங்க தங்குவியா நீ?"

"அப்ப மெயின்லேண்ட் போயிருவமான்னு கேட்டீங்களே, அது என்னவாம்?"

"அது உனக்காகக் கேட்டது. நீ சரின்னா போயிரலாம்னு. நீ ரசத்தை ஊத்திட்டு உள்ள போயிட்ட. தப்பிச்சோம்டா சாமின்னு விட்டுட்டேன். எனக்கு அங்க என்னடி இருக்கு? இருபது வருஷமா இங்க இருக்கேன். இங்க பஸ்ஸுல ஏறுனா டிரைவர்ல இருந்து எல்லாரும் தெரிஞ்ச முகம். அங்க போனா யாரு என்னையக் கண்டுக்கிருவா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று வருஷம்! மூன்று மழைக்காலம் நத்தை பொறுக்கினேன். வீடு நேராக இருப்பதாக நான் நம்ப வேண்டும் என்று இந்த மனிதர் பீலியைப் பழைய மூன்று விரலிலேயே மாட்டி, என் தலைமாட்டுச் சுவரை ஊறவிட்டிருக்கிறார். கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் நான் மட்டும் என்ன செய்தேன்? அவர் சரிவு தெரியாமல் மாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, கீழே நின்று "நல்லா இருக்குங்க" என்றேனே! அடுப்புக்குக் கீழே அட்டை வைத்ததைச் சொன்னேன். காலண்டர் ஆணியைச் சொன்னேன். அவர் கட்டில் காலுக்குக் கீழே கட்டை சொருகியதைச் சொன்னார். படுக்கையறைக் கதவு சாத்த வராமல் போனபோது, மழையில் மரம் ஊறியதாகப் பொய் சொல்லி இழைத்ததைச் சொன்னார்.

"எலுமிச்சம்பழம் உருளுமே, பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்குப் பேனா" என்றார்.

இரண்டு பேரும் அந்தப் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். எவ்வளவு நாளாயிற்று இப்படி ஒரு பாரம் இறங்கி! அவர் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார், நானும் சொல்லவில்லை, குடித்துவிட்டேன்.

மே மாதத்துக்கு முன்னால் மிஸ்திரி வந்து சரிந்த மூலைக்குக் கல் அடுக்கிச் சிமெண்ட் போட்டார். உளுத்த பலகைகளை மாற்றினார். ட்யூபை வைத்து அளந்து, ஏழு விரல் இறக்கத்துக்கு நூல் கட்டினார். பீலியை மாட்டி முடித்ததும் நான் படுக்கையறை மூலையில் ஏணி ஏறி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் ஒரு நொடி யோசிக்கவில்லை. கடகடவென்று ஓடி டாங்கிப் பக்கம் விழுந்தது. நான் மேலேயிருந்து கத்திய கத்தலில் மிஸ்திரி பயந்துவிட்டார்.

வெளியிலிருந்து பார்க்கத்தான் கொஞ்சம் அசிங்கம். ஒரு பக்கம் பீலி தகரத்தை முட்டிக்கொண்டு நிற்கும், மறுபக்கம் ஏழு விரல் கீழே தொங்கும். வீட்டுக்காரருக்கு மனசே ஆறவில்லை. தெருவில் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தால் பீலி நேராகத்தான் தெரிகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார்.

முதல் மூன்று மழையைக் கூரை கழுவ விட்டோம். நான்காவது மழை ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டது. எதிர்வீடு தெரியாத மழை. நான் கட்டில் பக்கத்துச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். காய்ந்த சுவர், காய்ந்தே இருந்தது. விரிசலில் தீக்குச்சி நுழைகிறதா என்று பார்க்கவே தோன்றவில்லை. டாங்கி நிரம்பி வழிந்து, பக்கத்தில் வைத்த இரண்டு டிரம்மும் நிரம்பின. ஒரே ஒரு குறை: தாழத் தொங்குகிற முனையில் கூரைத் தண்ணீர் பீலியைத் தாண்டி வெளியே தெறித்தது. அதற்குத் தகரப் பட்டை ஒன்றை அறைந்து தண்ணீரைப் பீலிக்குள் வழிய விடவேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஏணியில் நின்று பட்டையை அறைந்துகொண்டிருந்தார். நான் கீழே ஏணியைப் பிடித்திருந்தேன். பலா மரத்து வீட்டு வங்காளி அக்கா வேலியோரம் வந்து நின்று, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"பாபி, மிஸ்திரி உங்களை ஏமாத்திட்டான். நாலி டேடாவா இருக்கு, பாருங்க" என்றாள்.

மூன்று வருஷமாக அந்த அக்காவிடம் கூட நான் சொன்னதில்லை. வாய் வழக்கப்படி நத்தை என்று தொடங்கப் போனது. நிறுத்திக்கொண்டேன்.

"நாலி சரியாத்தான் இருக்கு அக்கா. வீடுதான் சாஞ்சிருக்கு. பூகம்பத்துல நாலு விரல் இறங்கிடுச்சு" என்றேன். இந்தியில்தான் சொன்னேன், சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி.

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ! அப்ப வீட்டை வித்துட்டு மெயின்லேண்ட் போயிடுவீங்களா?"

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஏணி மேலேயிருந்து வீட்டுக்காரர் சுத்தியலை நிறுத்தாமலே சொன்னார்.

"எங்க போறது? இப்பத்தானே பீலி மாட்டியிருக்கோம்."

இத்தனை வருஷம் கட்டர் என்ற வாய், பீலி என்றது. ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.